எங்கள் வீட்டு 3 கிலோவாட் சோலாரும் ஆபீஸ் மாடியில் கிடக்கும் 10 கிலோவாட்டும்

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அதோடு கிளம்பலாம். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போட்ட 3 கிலோவாட் சோலாருக்கு ஐந்துக்கு நாலரை. அதைப் போட்டுக் கொடுத்த கடைக்கு மூன்றரை. நான் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்தின் மாடியில், போட்டே ஆக வேண்டும் என்ற உத்தரவுக்காகப் போட்டு வைத்திருக்கும் 10 கிலோவாட்டுக்கு ஒன்றரை, அந்த அரையும் பேனல்கள் பாவம் என்பதால்தான். வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ தூரம். அதே வெயில், அதே உப்புக் காற்று, அதே கன்டெய்னர் லாரிப் புழுதி. அப்படியிருந்தும் ஒன்று ஓடுகிறது, இன்னொன்று கிடக்கிறது. கடையின் பெயரையும் ஆபீஸின் பெயரையும் எழுதப் போவதில்லை. முதலாவது விளம்பரமாகிவிடும், ரெண்டாவது எனக்கு மெமோவாகிவிடும்.

வீட்டில் ஏ.சி. ரெண்டு, போர் மோட்டார் ஒன்று, நாள் பூராவும் ஓடுகிற மாமியாரின் டி.வி. ஒன்று. 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறிய பிறகு, கோடையில் ரெண்டு மாச பில் வந்தால் ரிமோட்டை யார் தொட்டது என்று வீட்டில் பஞ்சாயத்தே நடக்கும். நம் ஊர் ஈ.பி. பில்லின் சூட்சுமம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், 500 வரைக்கும் ஒரு மாதிரி தாங்கும், அதைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு படியிலும் யூனிட் விலை ஏறிக்கொண்டே போகும். சோலாரின் லாபம் முழுக்க இந்த மேல்படியில்தான் இருக்கிறது, ஏனென்றால் அது முதலில் வெட்டுவது உங்கள் பில்லிலேயே விலை அதிகமான யூனிட்டுகளை. ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்கிற குடும்பம் அவசரப்பட வேண்டாம், போட்ட காசு திரும்ப வருவதற்குள் அலுத்துவிடும். எங்களைப் போல 700, 800 என்று போகிறவர்களுக்கு இது நியாயமான கணக்கு. நெட் மீட்டர் இருந்தால் நாம் ஈ.பி.யிடம் வாங்கியதில் நாம் கொடுத்ததைக் கழித்து மிச்சத்துக்குத்தான் பில், அந்த மிச்சம் இலவச அளவுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் சிரிப்பு தானாக வரும்.

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் ஆரம்பித்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில்தான் போட்டோம். மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான், அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் 3 கிலோவாட்டையே எடுத்து நீட்டுகிறார்கள், அதில் தப்பும் இல்லை. மானியம் நேராக நம் வங்கிக் கணக்கில் விழுகிறது, ஆனால் எல்லாம் மாட்டி, மீட்டர் வைத்து, அதிகாரி வந்து பார்த்துச் சரி என்று பதிவேற்றிய பிறகுதான். ஆகவே முழுப் பணத்தையும் முதலில் நாம்தான் புரட்ட வேண்டும், இல்லையென்றால் வங்கிக் கடன். கொட்டேஷனில் மானியத்தைக் கழித்துவிட்டு ஒரு அழகான எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டுவார்கள், அதற்கு மேலே சின்ன எழுத்தில் இருப்பதுதான் நீங்கள் தர வேண்டிய தொகை.

நாலைந்து இடத்தில் விலை கேட்டோம். மிகக் குறைவாகச் சொன்ன ஆளிடம் பேனல் எங்கே செய்தது என்று கேட்டதும் பேச்சை மாற்றினார். மானியம் வேண்டுமென்றால் பேனல் மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், டி.சி.ஆர். பேனல் என்பார்கள், விலை கூடுதல். இன்னொருவர், கரண்ட் போனாலும் சோலார் பாட்டுக்கு ஓடும் மேடம் என்றார், பேட்டரி இல்லாத சிஸ்டத்துக்கு. அவரை அங்கேயே அனுப்பிவிட்டோம். கடைசியில் எடுத்த கடை விலையில் நடுத்தரம், ஆனால் முதல் நாளே ஆள் வந்து மாடி ஏறி, பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் தொட்டியின் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழும் என்று பார்த்துவிட்டுத்தான் விலை சொன்னார்கள். போனிலேயே விலை சொல்கிற கடையை நம்பாதீர்கள்.

நிழல் விஷயம் சின்னது இல்லை. பேனல்களை வரிசையாகக் கோர்த்து, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற ஒரே இன்வெர்ட்டருக்குக் கொண்டு போகிறார்கள். அதில் ஒரு பேனல் மேல் தொட்டி நிழல் விழுந்தால் அந்த ஒன்று மட்டும் குறைந்து நிற்காது, ரேஷன் கியூவில் முன்னால் நிற்பவர் பை திறக்கத் தாமதித்தால் பின்னால் எல்லோரும் நிற்பது போலக் கூட இருப்பவையும் தடுமாறும். எங்கள் ஆபீஸில் நடந்தது இதுதான். கட்டிடத்தின் பழைய பாதி மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரம், அதன் மேல் குத்துக்கல்லாக அடுக்கிய செங்கல், மேலே சுண்ணாம்புத் தளம். வடசென்னையில் பழைய அரசுக் கட்டிடங்கள் பலவும் இந்த ஜாதி. அதன் மேல் பாரம் ஏற்றக்கூடாது என்று பொறியாளர் சொல்லிவிட்டார், அது சரியான பேச்சு. ஆனால் காகிதத்தில் 10 கிலோவாட் என்று எழுதியாகிவிட்டது, 10 கிலோவாட்டுக்கு ஆயிரம் சதுர அடி வேண்டும், புதுப் பாதியில் அவ்வளவு இடம் இல்லை. விளைவு, மிச்சப் பேனல்களைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கொண்டு போய்ச் சொருகிவிட்டார்கள். சாயங்காலம் மூன்று மணி ஆனால் அந்த வரிசைக்கு வேலை நேரம் முடிந்துவிடுகிறது, எங்களுக்கு மட்டும் ஐந்தே முக்கால் வரை. 6 கிலோவாட் போட்டிருந்தால் நன்றாக ஓடியிருக்கும், ஆனால் அறிக்கையில் 6 என்பது 10ஐ விடச் சின்ன எண்.

வீட்டுக்கு வருவோம். மாடியில் கிட்டத்தட்ட 300 சதுர அடி போகும் என்றதும் மாமியார், "ஏம்மா, மாடியே பூடுச்சுன்னா நான் வத்தலு எங்க காயப் போடறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, அதனால் தலைக்கு மேலே எட்டடி உயரத்தில் ஸ்ட்ரக்சர், அதாவது பேனலைத் தாங்குகிற இரும்புச் சட்டம், கேட்டோம். அதற்குத் தனிக் காசு. வத்தல் இப்போது ஓரத்தில் காய்கிறது. பேனல்கள் தளத்துக்கு நிழல் கொடுப்பதால் கீழே அறை கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது, இதை எந்தக் கொட்டேஷனிலும் எழுதவில்லை, ஆனால் ஏப்ரலில் ராத்திரி படுக்கும்போது தெரிகிறது.

உயரமாகப் போடுகிறவர்கள் காற்றை யோசிக்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது எங்கள் தெருவில் தகரம் பறந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். தளத்தில் துளை போட்டு போல்ட் முடுக்கிவிடுகிறோம் என்றது ஒரு கடை. அப்படிச் செய்தால் முதல் மழையிலேயே ஒழுக ஆரம்பிக்கும். இவர்கள் சுவரும் பீமும் வரும் இடமாகப் பார்த்துக் கான்கிரீட் கட்டைகள் போட்டு, அதில் தூண்களை நிறுத்தினார்கள். காசிமேட்டுக் கடல் காற்றுக்குப் பெயிண்ட் அடித்த இரும்பு தாங்காது. சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஜி.ஐ. வேண்டும், பூச்சு 80 மைக்ரான் என்று கேளுங்கள், போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஸ்.எஸ். ஆக இருக்கட்டும். இங்கேதான் கடைக்கு முதல் மார்க் குறைந்தது. ஸ்ட்ரக்சர் நல்லதுதான், ஆனால் மாடியில் வைத்து நீளத்துக்கு வெட்டின பைப் முனைகளில் பூச்சு போய்ப் பச்சை இரும்பு தெரிந்தது, அதை வெள்ளிக் கலர் ஸ்பிரே அடித்து மூடிவிட்டார்கள். முதல் ஐப்பசி மழை முடிந்ததும் நாலு முனையிலும் பழுப்பாகக் கண்ணீர் வடிந்த கோடு. போன் பண்ணி, பேசி, அப்புறம் ஒரு பையன் வந்து சுரண்டிவிட்டு ஜிங்க் பிரைமர் அடித்துக் கொடுத்தான். அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

மாட்டுகிற வேலை மட்டும் சுத்தம். வயரிங் பார்த்த தம்பி காலையில் மேடம் என்று ஆரம்பித்து, மோர் கொடுத்த பிறகு அக்காவுக்கு வந்தான். பேனல், இன்வெர்ட்டர், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி போட்டான். "ஒண்ணு போட்டாலே போதும்னு சொல்லுவாங்கக்கா, உடாதீங்க, அப்பால டி.வி.ய தூக்கினு நீங்கதான் அலையணும்" என்றான். சரியான பேச்சு. பேனல்கள் தெற்கு பார்த்து, சென்னை இருக்கிற 13 டிகிரி அட்சரேகைக்கு ஏற்ப மிதமான சாய்வு. ரொம்பப் படுக்க வைத்தால் தூசி தங்கும், ரொம்ப நிமிர்த்தினால் காற்று பிடிக்கும்.

மாட்டி முடித்த கையோடு ஓடவிடலாம் என்று நினைக்காதீர்கள். சாதாரண மீட்டர் பலவற்றுக்கு உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒன்றுதான், நாம் அனுப்புகிற கரண்டையும் நம் செலவாகவே எண்ணிவிடும். ரெண்டு பக்கமும் எண்ணுகிற நெட் மீட்டர் வந்த பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும். 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்படும் என்று 2024ல் விதி மாறியது, அந்தப் படி எங்களுக்கு மளமளவென்று தாண்டியது. மீட்டருக்கான காகிதங்களைக் கடைக்காரர் தாமதமாகக் கொடுத்ததுதான் இழுத்தது. கேட்டால் போடுகிறேன் மேடம், போட்டாச்சு மேடம், சர்வர் டவுன் மேடம். அதுவரை மேலே பளபளவென்று லட்ச ரூபாய்க்கு மேல் சும்மா வெயில் காய்ந்தது. முழுப் பணத்தையும் மாட்டி முடித்த அன்றே கொடுத்துவிடாதீர்கள், மீட்டர் சுற்றுகிற அன்றைக்கு என்று ஒரு தொகையை நிறுத்தி வையுங்கள். எங்கள் காகிதமும் அந்த ஒரு பிடி இருந்ததால்தான் நகர்ந்தது.

விளைச்சல் எப்படி? சென்னையில் 1 கிலோவாட்டுக்கு நாளைக்குச் சராசரி 4 யூனிட் என்பது பொதுக் கணக்கு, 3 கிலோவாட்டுக்கு 12. வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால் எங்களுக்கும் அதையொட்டித்தான் வருகிறது. ஆனால் தினமும் 12 என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம். மாசி, பங்குனியில்தான் உச்சம். கத்திரி வெயிலில் இன்னும் அதிகமாக வரும் என்று எல்லோரும் நினைப்பார்கள், வராது. பேனலில் எழுதியிருக்கிற வாட் எண்ணிக்கை 25 டிகிரி சூட்டுக்கு. அதற்கு மேலே ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சக்தி குறையும், மே மாதம் மத்தியானம் அந்தக் கண்ணாடியில் கை வைத்துப் பாருங்கள், எவ்வளவு குறையும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு வேண்டாம். கார்த்திகை அடைமழையில் ரெண்டு யூனிட், மூன்று யூனிட் என்று படுத்துக்கொள்ளும். அப்போது ஏ.சி.யும் ஓடாது, அதனால் கவலை இல்லை.

இப்போது பேட்டரி இல்லாதவர்களின் சோகம். நெட் மீட்டரோடு போடும் ஆன்-கிரிட் சிஸ்டம், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேனுக்கு நம் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரே அப்படிச் செய்கிறது, அது நல்லதுதான். ஆனாலும் உச்சி வெயிலில், தலைக்கு மேல் 3 கிலோவாட் காய்ந்துகொண்டிருக்க, கீழே விசிறி மட்டையோடு உட்கார்ந்திருக்கும்போது லைன்மேனின் பாதுகாப்பைப் பற்றி யோசிக்க மனசு வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நேரத்தில் இந்த மாதிரி சிஸ்டம் வைத்திருந்தவர்களுக்கும் இருட்டுதான். அதனால் அரசுக் கட்டிடம் எல்லாவற்றிலும் சோலார் என்று உத்தரவு போடுகிறவர்கள் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாதாரண அலுவலகத்துக்கு ஆன்-கிரிட் போதும். ஊசி மருந்து ஃபிரிட்ஜ் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், வெள்ளம் வந்தால் ஜனங்களைத் தங்க வைக்கிற மாநகராட்சிப் பள்ளிக்கும் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இல்லாவிட்டால், ஆபத்து நேரத்தில் மேலே இருப்பது வெறும் கண்ணாடிக் கூரை. செலவு கூடுதல்தான். எல்லாக் கட்டிடத்திலும் ஒரே அச்சில் வார்ப்பதற்குப் பதில், தேவையான இடத்தில் அந்தக் காசைப் போடலாம்.

அடுத்தது கழுவுவது. எங்கள் ஏரியாவில் இது பாதி வாழ்க்கை. லாரிப் புழுதி ஒரு பக்கம், புறா இன்னொரு பக்கம். பின் தெருவில் ஒருவர் பந்தயப் புறா வளர்க்கிறார், நாற்பது வருஷமாக வளர்க்கிறார், அவரிடம் போய் சோலார் போட்டிருக்கிறோம் புறாவை அடக்குங்கள் என்று சொல்ல முடியாது. அவரே ஒரு நாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாமா, அது மேல புறா குந்துனா ஷாக்கு அடிச்சிருமா?" என்று கேட்டார். அடிக்காது மாமா என்றேன். "அப்போ சரி, குந்தட்டும்" என்று போய்விட்டார். பறவை எச்சம் தூசியைப் போல இல்லை, மழையில் போகாது, காய்ந்து பிடித்துக்கொள்ளும், அது மூடுகிற அந்த ஒரு செல் சூடேறிப் பழுதாகவும் வாய்ப்பு உண்டு. பேனலுக்கு அடியில் கூடு கட்டாமல் இருக்கச் சுற்றிலும் வலை அடிக்க வேண்டும்.

கழுவுகிற தண்ணீரையும் கவனியுங்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றிக் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, தூசியே தேவலை என்று ஆகிவிடும். மெட்ரோ வாட்டரில் ரெண்டு பக்கெட், நீளக் கம்பில் மெத்தென்ற துணி, விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன். மத்தியானம் கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடலாம். சோப்புத் தூள், கம்பி நார் வேண்டவே வேண்டாம். ரொம்ப நாள் விட்டுவிட்டுக் கழுவிய மறுநாள் உச்சி நேரத்தில் 1.9 கிலோவாட்டில் நின்றுகொண்டிருந்தது 2.3க்குப் போனது. வருஷப் பராமரிப்புக்கு என்று கடைக்காரர் ஒரு தொகை கேட்டார், அதில் கழுவுவது எத்தனை மாசத்துக்கு ஒரு முறை என்று எழுதித் தரச் சொன்னேன், எழுதித் தரவில்லை, நானும் பணம் தரவில்லை. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்து கழுவிக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிறான்.

ஆபீஸில் யார் கழுவுவது? இந்தக் கேள்விக்கு அங்கே விடை இல்லை. துப்புரவு ஒப்பந்தத்தில் தரை இருக்கிறது, கழிவறை இருக்கிறது, ஜன்னல் கூட இருக்கிறது, மாடிப் பேனல் இல்லை. மின்சாரம் பார்க்கிறவரைக் கேட்டால் வயரிங் மட்டும்தான் தன்னுடையது என்கிறார். போட்டுக் கொடுத்த நிறுவனத்துக்கு ஐந்து வருஷப் பராமரிப்பு என்று காகிதத்தில் இருக்கிறது, பணம் முழுதும் முதலிலேயே வாங்கிவிட்டார்கள், அப்புறம் அந்தப் பக்கம் வருவதற்கு அவர்களுக்கு என்ன வந்தது.

இதைவிட அழகு அந்த டேட்டா சிம். இன்வெர்ட்டரில் ஒரு குச்சி மாதிரி சொருகியிருக்கும், அதுதான் எத்தனை யூனிட் விளைந்தது என்று நெட்டில் ஏற்றுவது. வீட்டில் அது எங்கள் வைஃபையில் ஓடுகிறது, காலையில் காபியோடு ஆப்பைப் பார்ப்பது என் கணவருக்கு இப்போது பேப்பர் படிக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஆபீஸில் அதற்கு ஒரு சிம் போட்டிருந்தார்கள். ரீசார்ஜ் தீர்ந்தது. சில நூறு ரூபாய் ரீசார்ஜை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் காகிதம் மேசை மேசையாகச் சுற்றியது. அந்த இடைவெளியில் எப்போதோ ஒரு எம்.சி.பி., அதாவது கோளாறு வந்தால் தானே விழுகிற சுவிட்ச், விழுந்து மொத்த சிஸ்டமும் நின்றிருக்கிறது, திரையில் எதுவும் தெரியாததால் நின்றதும் யாருக்கும் தெரியவில்லை. ஈ.பி. பில் கோப்பு என் மேசைக்கு வருவது. யூனிட் ஏறியிருக்கிறதே என்று பழைய பில்லோடு ஒப்பிட்டுவிட்டு மேலே ஏறிப் போய்ப் பார்த்தால், டப்பாவுக்குள் ஒரு சின்னச் சுவிட்ச் கீழே பார்த்துக் கிடக்கிறது. தூக்கிவிட்டதும் இன்வெர்ட்டர் முனக ஆரம்பித்தது. எத்தனை மாச வெயில் சும்மா போனது என்று அந்தக் கட்டிடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. காகிதத்தில் எங்கள் அலுவலகம் அந்த மாசங்களிலும் சோலார் போட்ட கட்டிடம்தான், ஏனென்றால் கேட்கிற படிவத்தில் எத்தனை கிலோவாட் என்று ஒரு கட்டம் இருக்கிறது, எத்தனை யூனிட் என்று கட்டம் இல்லை.

அரசுக் கட்டிடத்தில் சோலார் கட்டாயம் என்பது நேற்றைய பேச்சு இல்லை. 2012ல் ஜெயலலிதா வெளியிட்ட தமிழ்நாடு சூரிய மின்சக்திக் கொள்கையிலேயே, புதிதாகக் கட்டும் அரசு, உள்ளாட்சிக் கட்டிடங்களில் கட்டாயம், இருப்பவற்றில் படிப்படியாக என்று எழுதியாயிற்று. 2015க்குள் 3,000 மெகாவாட் என்பது அப்போதைய இலக்கு. 2019ல் அடுத்த கொள்கை வந்தது, 2023க்குள் 9,000 என்று எண் பெரிதானது. மத்திய அரசும் சூர்ய கர் திட்டத்தோடு சேர்த்து, தன் கட்டிடங்கள் எல்லாவற்றிலும் 2025 முடிவதற்குள் போட்டுவிட வேண்டும் என்றது. நான் இந்தக் கட்டாயத்துக்கு எதிரி இல்லை. அரசு அலுவலகத்தைப் போல சோலாருக்குப் பொருத்தமான இடம் கிடையாது: பத்து மணிக்குத் திறந்து சாயங்காலம் மூடுகிறோம், விசிறியும் கம்ப்யூட்டரும் ஓடுவது வெயில் நேரத்தில்தான், விளைகிறதை அங்கேயே தின்றுவிடும். வீட்டில் அவ்வளவு கரண்ட் தேவைப்படாத பகலில் விளைந்து, ராத்திரி ஏ.சி.க்கு ஈ.பி.யிடம் திருப்பி வாங்குகிற எங்கள் கதை அங்கே இல்லை. ஆனால் கட்டாயம் என்பதை எதற்கு வைக்கிறோம் என்பதில்தான் கோளாறு. பேனல் மாட்டுவதைக் கட்டாயமாக்கினால் பேனல் மாட்டுவார்கள், அவ்வளவுதான் நடக்கும். விளையும் யூனிட்டைக் கட்டாயமாக்கினால் தொட்டி நிழலில் ஒருவரும் பேனல் சொருக மாட்டார்கள்.

அதற்கு வழியும் ஏற்கெனவே இருக்கிறது. ரெஸ்கோ முறை என்பார்கள். நிறுவனமே தன் காசில் பேனல் போடும், அரசு அலுவலகம் முதல் போட வேண்டாம், விளைகிற யூனிட்டுக்குப் பேசிய விலையை மட்டும் மாசாமாசம் கொடுத்தால் போதும், ஒப்பந்தம் பெரும்பாலும் 25 வருஷத்துக்கு. யூனிட் விளையாவிட்டால் நிறுவனத்துக்கு வருமானம் இல்லை, ஆகவே எம்.சி.பி. விழுந்தால் அவர்களுக்குத்தான் முதலில் வயிறு எரியும், சிம் ரீசார்ஜுக்கு யாரும் கோப்பு போட வேண்டியதில்லை, புறா எச்சத்தை அவர்களே தேடி வந்து துடைப்பார்கள். இதிலும் வம்பு உண்டு, அலுவலகம் மாசாமாசம் ஒழுங்காகப் பணம் கொடுக்காவிட்டால் நிறுவனம் திணறும், நடுவில் கட்டிடத்தை இடிக்க வேண்டி வந்தால் ஒப்பந்தம் குறுக்கே நிற்கும். இருந்தாலும் முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிட்டு ஐந்து வருஷம் போன் பண்ணிக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல். வீட்டில் நான் கடைக்காரரின் கடைசித் தவணையை நிறுத்தி வைத்ததும் இதே தந்திரம்தான், அளவுதான் சின்னது.

ஒழுங்காக நடக்கிற இடம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்தில் நடைமேடைக் கூரைகள் மேல் 1.5 மெகாவாட் போட்டிருக்கிறார்கள், நிலையத்தின் பகல் நேரத் தேவை முழுவதும் அதிலிருந்து என்று 2023ல் செய்தி வந்தது. அடுத்த முறை பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து வண்டி உள்ளே நுழையும்போது கூரையைப் பாருங்கள்.

இன்னொரு கவலை, மழைக்கு முன்னால் தளம் பூச வேண்டும் என்று ஆபீஸில் பேச்சு அடிபடுகிறது. பூசுவதற்காகக் கழற்றினால் திரும்ப ஏறுமா? அமெரிக்காவிலேயே, 1979ல் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் வெந்நீருக்காக சோலார் தகடு வைத்தார், 1986ல் ரீகன் காலத்தில் கூரை வேலைக்கு என்று இறக்கியவர்கள் திரும்ப ஏற்றவில்லை. அங்கேயே அப்படி என்றால் எங்கள் ஆபீஸ் பேனல்கள் ரெக்கார்டு ரூம் ஓரத்தில் சாய்ந்து நிற்பதை என்னால் இப்போதே பார்க்க முடிகிறது.

எனக்கு இதில் கோபம் கொஞ்சம் கூடுதலாக வருவதற்குக் காரணம் நாங்கள் இருக்கிற இடம். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற புகைபோக்கிகள் எங்கள் பக்கம்தான். எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017ல் மூடினார்கள், ஆனால் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் ரெண்டு கட்டமே 1,830 மெகாவாட், 2024ல் மூன்றாவது கட்டமாக இன்னொரு 800 வந்தது. சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்த கதையை எண்ணூர் மீனவர்களிடம் கேளுங்கள், நாள் முழுக்கச் சொல்வார்கள். எங்கள் ஆபீஸ் மாடியின் 10 கிலோவாட்டால் அத்திப்பட்டில் ஒரு கொதிகலனும் அணையப் போவதில்லை, தெரியும். ஆனால் நிலக்கரிப் புழுதி படிகிற ஊரில், அதைக் குறைக்க வைத்த பேனல் மேலும் அதே புழுதி படிந்து அது கவனிப்பார் இல்லாமல் கிடப்பதைத் தினமும் சாப்பாட்டு நேரத்தில் மாடியில் பார்த்துக்கொண்டே தயிர் சாதம் இறங்குவது கஷ்டம்.

சரி, வீட்டுக்குப் போட நினைப்பவர்களுக்கு. சிஸ்டத்துக்கு நாலரை ஏன் என்றால், போட்ட வேலையைச் செய்கிறது; அரை குறைத்தது கரண்ட் போனால் நிற்பதற்கு. கடைக்கு மூன்றரை ஏன் என்றால், நிழல் பார்த்ததும் எர்த் போட்டதும் முதல் தரம், வெட்டின முனையும் மீட்டர் காகிதமும் மூன்றாம் தரம். உத்தரவாதத்தைத் தனித்தனியாகக் கேளுங்கள்: 25 வருஷம் என்று விளம்பரத்தில் வருவது பேனலின் விளைச்சலுக்கு மட்டும், இன்வெர்ட்டருக்கு அதைவிட ரொம்பக் குறைவு, ஸ்ட்ரக்சருக்கு என்ன என்று நீங்கள் கேட்டால் ஒழிய யாரும் சொல்ல மாட்டார்கள். இன்வெர்ட்டரை மாடியில் வெயில் படுகிற இடத்தில் மாட்டவிடாதீர்கள், படிக்கட்டு அறைக்குள் வரட்டும். உயர ஸ்ட்ரக்சருக்குத் தனிக் காசு, புறா வலைக்கும் தனிக் காசு என்பார்கள். ஸ்ட்ரக்சருக்குக் கொடுங்கள், வலைக்குப் பேரம் பேசுங்கள், எங்களுக்குப் பாதியாகக் குறைத்தார்கள்.